கறுத்த வெள்ளிக் காசைக் கிரேடிங்குக்கு அனுப்பலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: பாட்டி குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்துவைத்த 1919 வெள்ளி ரூபாய் கிடைத்தது. ஓரம் நீலம், நடுவில் பொன்னிறம். அமெரிக்காவுக்கு அனுப்பிக் கிரேடிங் (காசின் தரத்தைச் சோதித்து எண் கொடுத்து உறையில் அடைப்பது) செய்யலாமா? (திருவையாறு)

பதில்: துணியை அவிழ்த்த கையோடு துடைக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். நேர்ந்த காசு சாமிக்குச் சேர வேண்டியது. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அறையை இருட்டாக்கி ஒரே ஒரு குண்டு பல்பின் கீழ் காசை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிறத்துக்கு அடியில் ஒளி சக்கரம்போல் சுழன்று வந்தால் அச்சிட்டபோது இருந்த பளபளப்பு இன்னும் இருக்கிறது. சுழலாமல் மங்கலாகக் கிடந்தால் காசு புழங்கித் தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ முன்பே தேய்த்திருக்கிறார்கள். நிறம் என்பது வெள்ளியின் மேல் கந்தகம் படிந்த மெல்லிய படலம். படலம் தடிக்கத் தடிக்க வெளிர்மஞ்சள், செம்பழுப்பு, ஊதா, நீலம் என்று ஒழுங்காக மாறும். உங்கள் காசில் நீலத்துக்கும் பொன்னிறத்துக்கும் நடுவே செம்மையும் ஊதாவும் கலந்த ஒரு வளையம் இருக்க வேண்டும். இருந்தால் அது தானாக ஏறிய நிறம் என்று நம்பலாம்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. இங்கேயே தரம் பார்த்து உறையிடுபவர்களிடம் கொடுக்கலாம். ஆனால் 1919 அரிய ஆண்டு இல்லை. முதல் உலகப் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டைத் தீர்க்க, அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டம் போட்டுத் தன் வெள்ளி டாலர்களை உருக்கி விற்றது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இங்கே ரூபாயாகி கோடிக்கணக்கில் புழங்கியது. தேய்மானமே இல்லாத காசுக்கு மட்டும்தான் கட்டணம் கட்டுவதில் பொருள் உண்டு. மற்றபடி பாட்டியின் துணியோடு சேர்த்து வைத்திருங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

கேள்வி: எட்வர்ட் தலை ரூபாய் கறுத்திருந்தது. புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துவிட்டேன். இப்போது பளிச்சென்று இருக்கிறது. (மன்னார்குடி)

பதில்: அனுப்ப வேண்டாம். லென்ஸில் பாருங்கள், ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்கக் கிரேடிங் நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு 1 முதல் 70 வரையிலான எண் கொடுப்பதில்லை, 'டீடெய்ல்ஸ்' என்று எழுதி உறையிட்டுத் தருவார்கள். ஆரம்பத்தில் நானும் குத்துவிளக்குத் தேய்க்கிற மாதிரி ஒரு நல்ல 1903 ரூபாயைத் தேய்த்துக் கெடுத்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

கேள்வி: சைகோனில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த 1908 பியாஸ்தர் (பிரெஞ்சு இந்தோசீனாவின் வெள்ளிக் காசு). முழுக்கக் கறுப்பு. (காரைக்கால்)

பதில்: முதலில் எடை போடுங்கள். 27 கிராம் இருக்க வேண்டும். அதில் 90 சதவீதம் வெள்ளி. காந்தத்தில் ஒட்டினாலோ, எடை நன்றாகக் குறைந்தாலோ போலி. போலிகள் நிறைய உலவுகின்றன. அசலாகவே இருந்தாலும் கரிக்கறுப்பு என்பது படலத்தின் கடைசிக் கட்டம். அடியில் உலோகமே அரித்திருக்கலாம். உருவம் துலக்கமாகத் தெரிந்தால் மட்டும் அனுபவசாலி ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். இதுவும் நூறு ஆண்டு கடந்தது, அதே சட்டம்தான்.

கேள்வி: இணையத்தில் வானவில் நிறத்தில் 1942 ரூபாய் வருகிறது. வாங்கி கிரேடிங் செய்தால் லாபமா? (நாகப்பட்டினம்)

பதில்: நூறு ஆண்டு ஆகாததால் வெளிநாட்டுக்கு அனுப்ப அந்தத் தொல்பொருள் சட்டத்தின் தடை இல்லை. எனக்குச் சந்தேகம் நிறத்தின் மேல்தான். 1940 முதல் ரூபாயில் பாதிதான் வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதில் இப்படிக் கொட்டும் நிறம் பெரும்பாலும் சூட்டிலோ ரசாயனத்திலோ ஏற்றியது. கீறலுக்குள்ளும் தேய்ந்த மேட்டிலும் ஒரே நிறம் பாய்ந்திருந்தால், நீலத்தை ஒட்டியே மஞ்சள் திடீரென்று வந்தால், வாங்காதீர்கள். செயற்கை நிறம் என்று பிடிபட்டால் எண் கிடைக்காது, கட்டிய கட்டணமும் திரும்பாது.

கேள்வி: பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்த காசில் பச்சையாகப் பிசுபிசுக்கிறது. இதுவும் டோனிங், அதாவது நாளடைவில் காசில் ஏறும் நிறம்தானா? (பாபநாசம்)

பதில்: இல்லை. அது பி.வி.சி. உறை கசிந்த எச்சம், விட்டால் காசைத் தின்றுவிடும். ஆய்வகப் பொருள் கடையில் சுத்தமான அசிட்டோன் கேட்டு வாங்குங்கள், நகப்பூச்சு நீக்கி வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில், அடுப்பங்கரைக்கு எட்டாத தூரத்தில், ஜன்னலைத் திறந்துவைத்து ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடுங்கள். உண்மையான நிறம் அசிட்டோனில் போகாது. அந்த ஆல்பத்தில் இருக்கும் மற்றக் காசுகளையும் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.