மார்செல் கார்னேயின் பிற்காலப் படங்கள் ஏன் பேசப்படவில்லை?

கவித்துவ யதார்த்தவாதம் (எளிய மனிதர்களின் சோகக் கதைகளைக் கவிதை போலச் சொன்ன 1930-களின் பிரெஞ்சு சினிமா பாணி) என்றாலே இயக்குநர் மார்செல் கார்னே பெயரைச் சொல்கிறார்கள், ஆனால் 1945-க்குப் பிறகு அவர் எடுத்த படங்களை யாரும் கண்டுகொள்வதில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வசனம் எழுதிய கவிஞர் ழாக் ப்ரெவேர் பிரிந்துபோனதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. கலைந்துபோனது, சேர்ந்து வேலை செய்த ஒரு பட்டறையே.

1939-ல் வந்த 'பொழுது விடிகிறது' படத்தைப் பாருங்கள். ஒருவனைச் சுட்டுவிட்ட தொழிலாளி (நடிகர் ழான் காபின்), உச்சி மாடி அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். கீழே போலீஸ். பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறான். தீக்குச்சி தீர்ந்துவிட்டதால் ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைக்கிறான். கடைசியில் கண்ணீர்ப்புகை பரவும் அறையில், வேலைக்கு எழுப்பும் அலாரம் அடிக்கிறது. முதல் தடவை பார்த்தபோது, படம் முடிந்தும் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. தெருவில் ஒற்றையாக நிற்கும் அந்த உயரமான வீடு, அலெக்சாந்தர் த்ரோனேர் போட்ட செட். கார்னே பாரிஸில் ஒரு மரத்தச்சரின் மகன். பனி, ஈரத்தெரு, விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குள் இழைத்து இழைத்துச் செய்வதுதான் அவருடைய வழி.

அதன் உச்சம் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் நீஸ் நகர ஸ்டுடியோவில் 19-ஆம் நூற்றாண்டின் நாடகத்தெரு ஒன்றை முழுசாகக் கட்டினார்கள். யூதர்களான த்ரோனேரும் இசையமைப்பாளர் ஜோசப் கோஸ்மாவும் தலைமறைவாக இருந்தபடியே வேலை செய்தார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம், 1945 மார்ச்சில் வெளிவந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நீளமே தெரிந்ததில்லை.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? 1946-ல் 'இரவின் கதவுகள்' படத்துக்காக பாரிஸின் ஒரு மெட்ரோ நிலையத்தையே செட்டாகப் போட்டார்கள். இத்தாலிய இயக்குநர்கள் செட்டை விட்டு நிஜத்தெருவில் கேமராவை வைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. செலவு எகிறியது, படம் தோற்றது. (பிற்காலத்தில் உலகமே பாடிய 'உதிர்ந்த இலைகள்' பாட்டு இதில் பிறந்ததுதான்.) அடுத்த படம் பாதியில் நின்றது, ப்ரெவேர் கூட்டணியும் முடிந்தது. 1958-ல் இளைஞர்களைப் பற்றி எடுத்த 'ஏமாற்றுக்காரர்கள்' பிரான்சில் நன்றாக ஓடியும், புதிய அலைக்காரர்கள் (அப்போது கிளம்பிய இளம் பிரெஞ்சு இயக்குநர்கள்) அவரைப் பழைய ஆளாகவே பார்த்தார்கள். அது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

'தெரேஸ் ரக்கேன்' பார்த்திருக்கிறீர்களா? 1953-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது வாங்கிய கார்னே படம். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் நாவலில் தெரேஸும் காதலனும் அவள் கணவனை ஆற்றில் மூழ்கடிப்பார்கள். கார்னே அதை ஓடும் ரயிலுக்கு மாற்றினார். ப்ரெவேர் இல்லாமல் எடுத்தது இது. தெரேஸாக நடித்த சிமோன் சிஞோரே அதிகம் பேசாமலே அந்த வீட்டின் புழுக்கத்தை முகத்தில் கொண்டுவந்துவிடுவார். முதலில் இதைப் பாருங்கள்.