பூர்னபாத் வராந்தாவில் நின்னவங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நெட்ல ஒரு பழைய போட்டோ பார்த்தேன். பெரிய வீட்டு வராந்தா, வெள்ளைக்காரங்க இருபது பேர் இருக்கும், தொப்பி, டீ கப், ரெண்டு நாய். நான் ஏதோ ஊட்டி பங்களான்னு நெனச்சுட்டேன், கீழே பார்த்தா 'சிமிர்னா, பூர்னபாத்'னு போட்டிருக்கு. நம்ம பைபிள்ல வர்ற சிமிர்னாவா இது? அங்க இங்கிலீஷ்காரங்களுக்கு என்ன வேலை? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அதே சிமிர்னாதாம்மா. வெளிப்படுத்தின விசேஷத்துல ஏழு சபைகள்ல ரெண்டாவதா வருமே, அந்த ஊர்தான். இப்ப துருக்கியில இஸ்மிர். பூர்னபாத்துங்கிறது அதுக்குப் பக்கத்துல இருந்த கிராமம், இப்ப போர்னோவான்னு சொல்றாங்க. நீங்க பார்த்தது அனேகமா விட்டல் குடும்பமா இருக்கும், இல்லைன்னா அவங்களுக்குச் சம்பந்தி முறையில வர்ற யாராவதா இருக்கும், ஏன்னா அங்க இருந்த ஐரோப்பியக் குடும்பங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து ஒரே சொந்தமா ஆயிட்டாங்க. சார்ல்ட்டன் விட்டல்னு ஒருத்தர் 1809-ல லிவர்பூல்லேர்ந்து வியாபாரத்துக்கு வந்தார், ரெண்டே வருஷத்துல சொந்தக் கம்பெனி ஆரம்பிச்சார், கல்யாணம் பண்ணினது பிரெஞ்சு வம்சாவளி ஜிரோ குடும்பத்துப் பொண்ணை. அத்திப்பழம், உலர் திராட்சை, அபின், தோல் பதனிடுறதுக்கு ஒரு வகை ஓக் மரத்துக் காய்த்தொப்பி, கம்பளம் இதெல்லாம் கப்பல் ஏறிப் போகும், மான்செஸ்டர் துணி திரும்பி வரும்.

ஊட்டின்னு நெனச்சதா சொன்னீங்க பாருங்க, அங்கதான் பெரிய வித்தியாசம். ஊட்டியில அவங்க ஆளவந்தவங்க. சிமிர்னாவுல ஆட்சி சுல்தானோடது, இவங்க வந்து தங்கின வியாபாரிங்க. ஆனா சுல்தான்கள் பழைய ஒப்பந்தப்படி குடுத்த சலுகைனால வரி கம்மி, வழக்குன்னா அந்த ஊர்ல இருந்த சொந்த நாட்டுத் தூதரக அதிகாரி, அதாவது கான்சல்கிட்டயே போகலாம். அந்தச் சலுகை இல்லாம அந்த வராந்தா இல்ல. 1863-ல சுல்தான் அப்துல்அஜீஸே விட்டல் வீட்டுக்கு வந்துட்டுப் போனார்னா அவங்க செல்வாக்கைப் பார்த்துக்கோங்க.

கேள்வி: போட்டோவுக்குப் பின்னாடி வருஷம் எழுதலைன்னா எந்தக் காலத்துதுன்னு எப்படி சார் சொல்றது? (வாசகர், திருச்சி)

பதில்: தம்பி, முதல்ல மூஞ்சியைப் பார்க்காதீங்க, அட்டையைப் பாருங்க. உள்ளங்கையில அடங்குற சின்ன அட்டையில ஒட்டியிருந்தா 1860, 70-கள்னு வச்சுக்கலாம், அதைவிட ரெட்டிப்பு மாதிரி பெரிய அட்டைன்னா அதுக்கு அப்புறம். ஸ்டூடியோ பேர் அட்டையிலயே அச்சாகியிருக்கும், சிமிர்னான்னா ருபெலன்ங்கிற பேர் அடிக்கடி கண்ணுல படும். படம் பழுப்பா மஞ்சளா இருந்தா அது முட்டை வெள்ளைக்கருவைப் பூசின காகிதம், 1890-கள் வரைக்கும் அதுதான் ஓடுச்சு. வட்டமா சின்னப் படம்னா 1888-ல வந்த முதல் கோடாக் கேமரா ஞாபகத்துக்கு வரணும். பொம்பளைங்க சட்டைக் கை தோள்கிட்ட பலூன் மாதிரி உப்பியிருந்தா 1895-ஐ ஒட்டி. படத்தோட ஓரத்துல ஃபிலிம்லயே கிறுக்கின மாதிரி கையெழுத்து தெரிஞ்சா 1914-க்கு அப்புறம், ஏன்னா அந்த வருஷம்தான் கோடாக் அந்த வசதியைக் கொண்டுவந்துச்சு.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. டிரெஸ்ஸை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, பாட்டிமார் இருபது வருஷம் முன்னாடி தச்ச கவுனையே போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, குடும்பத்துலயே சின்ன வயசுப் பொண்ணோட டிரெஸ்தான் சரியான வருஷத்தைச் சொல்லும்.

கேள்வி: இந்த மாதிரி படங்கள்ல ஓரமா, பின்னால நிக்கிறவங்க யாரு? ஒரு படத்துல குழந்தையை ஒரு அம்மா தூக்கி வச்சிருக்காங்க, ஆனா கீழ பேர் லிஸ்ட்ல அவங்க இல்ல. (வாசகி, விழுப்புரம்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றிம்மா. நானும் இந்தப் படங்களைப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்க்கிறது அவங்களுக்காகத்தான். அந்த வீடுகள்ல குழந்தைங்களை வளர்த்த ஆயாமார் நிறைய பேர் கிரேக்கப் பொண்ணுங்க, அதனால அந்த இங்கிலீஷ் பிள்ளைங்க வாயில கிரேக்கம் சரளமா வந்துச்சு, பெரியவங்களுக்குள்ள பிரெஞ்சும் ஓடும், கடைத்தெருவுல துருக்கி. பூவேலை செஞ்ச ஜாக்கெட், இடுப்புல ஆயுதம், பெரிய மீசையோட ஒருத்தர் நின்னா அவர் கவாஸ், கான்சல் ஆபீசுலயும் பெரிய வீடுகள்லயும் காவலுக்கு இருந்தவர்.

எட்வர்ட் விட்டல்னு அந்தக் குடும்பத்துல ஒரு செடிப் பைத்தியம், மலையில வளர்ற பூக்கிழங்குகளைச் சேர்த்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார், ஃப்ரிட்டிலாரியா விட்டல்லைன்னு ஒரு பூவுக்கு அவர் பேரே இருக்கு. ஆனா மலை ஏறி அந்தக் கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டினது கிராமத்து ஆளுங்க, அவங்க பேர்ல ஒரு பூவும் இல்ல. எனக்கு இது உண்மையாவே வலிக்குது. அந்த ஆயா குழந்தையைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாருங்க, பெத்தவ கூட அப்படிப் பிடிச்சிருக்க மாட்டா. இந்த மாதிரி படம் கையில வச்சிருக்கிற குடும்பத்துக்காரங்க, வயசானவங்க யாராவது உயிரோட இருக்கும்போதே 'இவங்க யாரு, எந்த ஊர், பேர் என்ன'ன்னு கேட்டு பென்சில்ல பின்னாடி எழுதி வச்சிடணும், பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துரும்.

கேள்வி: 1922-ல சிமிர்னா எரிஞ்சதுன்னு படிச்சேன். அப்ப இவங்க, இந்தப் படங்க எல்லாம் எப்படித் தப்பிச்சது? (வாசகர், சேலம்)

பதில்: முதல் உலகப்போர்லயே இங்கிலீஷ்காரங்க அங்க எதிரி நாட்டு ஆளுங்கதான், ஆனா கவர்னரா இருந்த ரஹ்மி பே பெருசா தொந்தரவு பண்ணாம அவங்களை இருக்க விட்டார். போருக்கு அப்புறம் கிரேக்கப் படை பிடிச்சு வச்சிருந்த ஊருக்குள்ள 1922 செப்டம்பர் 9 துருக்கிப் படை வந்துச்சு, 13-ஆம் தேதி ஆர்மீனியர் பேட்டையில தீ பிடிச்சு கிரேக்கர் பேட்டையும் சேர்ந்து சாம்பலாச்சு, ஜனங்க துறைமுகக் கரையில தீக்கும் கடலுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நின்னாங்க. பிரிட்டிஷ் குடும்பங்களை ஏத்திக்கிட்டுப் போக அவங்க நாட்டுக் கப்பல் இருந்துச்சு, பல பேர் மால்டாவுக்குப் போனாங்க. பூர்னபாத் கடற்கரையை விட்டு சில மைல் உள்ளே தள்ளி இருந்ததால தீ அங்க வரல, வீடுகள் நின்னுச்சு, சிலர் திரும்பி வந்து அதே வீட்லயே இருந்தாங்க. அதனாலதான் இன்னைக்கு நாம அவங்க ஆல்பத்தைப் பார்க்க முடியுது.

ஆயாவோட வீட்டுலயும் ஒரு போட்டோ இருந்திருக்கலாம் தம்பி, கல்யாணப் போட்டோவோ, அண்ணன் தம்பி நின்னதோ. அவ வீடு கிரேக்கர் பேட்டையில இருந்திருந்தா அது தீயில போயிருக்கும். உயிர் தப்பியிருந்தாலும் 1923 லோசான் ஒப்பந்தத்தோட கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவுல நடந்த மக்கள் பரிமாற்றத்துக்கு அப்புறம் கிரேக்கர்கள் அங்க திரும்பிப் போய் குடியிருக்க முடியல. ஒருவேளை அவ முகம் மிஞ்சியிருக்கிறது அந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் படத்துல மட்டும்தானோன்னு தோணும்போது அந்த ஓரத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியல.

கேள்வி: அந்த வீடு இப்ப இருக்கா? கால்பந்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் உண்டாமே? (வாசகர், கோவை)

பதில்: இருக்கு. விட்டல்களோட பெரிய வீடு இப்ப ஏகே பல்கலைக்கழகத்தோட ரெக்டர் ஆபீஸ். கால்பந்தும் உண்மைதான், 1906-ல ஏதென்ஸ்ல நடந்த ஒலிம்பிக் போட்டியில (இப்ப அதை அதிகாரபூர்வமா கணக்குல எடுத்துக்கிறதில்ல) சிமிர்னா டீம் ரெண்டாவதா வந்துச்சு, பதினோரு பேர்ல அஞ்சு பேர் விட்டல், ரெண்டு பேர் ஜிரோ. அந்த டீம் போட்டோ எங்கயாவது கிடைச்சா, பின்வரிசையில நிக்கிற வெளியாட்களையும் கொஞ்சம் பார்த்து வைங்க.