நாற்பது பக்க ஹவுஸ் ரூல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராகி டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். சங்ககாலத்தை வைத்து ஐந்து திணைக்கும் ஐந்து ராஜ்ஜியம், அரச வம்சாவளி, ஹவுஸ் ரூல் (நாமே சேர்த்துக்கொள்ளும் விதி) என்று நாற்பது பக்கம் எழுதி வாட்ஸப் குரூப்பில் போட்டேன். ஒருத்தரும் படிக்கவில்லை. இதற்கிடையில், அடிக்கும்போது இருபது முக டைஸில் 1 விழுந்தால் ஆயுதம் கைநழுவ வேண்டும் என்று ஒருவர் அடம்பிடிக்கிறார். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர், வேளச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

படிக்க மாட்டார்கள். வாரம் முழுக்க ஆபீஸ் மெயில் படித்துவிட்டு வருகிறவர்கள் வம்சாவளியை எங்கே படிப்பது? ஆட்டத்தில் எடுக்கும் முடிவை மாற்றுகிற விதிதான் அவர்களுக்கு உலகம். மற்றதெல்லாம் உங்கள் சொந்த சந்தோஷம்.

முதலில் அந்த 1. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி அடி தப்பும், அவ்வளவுதான். ஆயுதமும் நழுவும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அடிக்கு 5 சதவீதம். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்குச் சுற்றுக்கு இரண்டு அடி, கிட்டத்தட்ட 10 சதவீதம். பதினொன்றாம் லெவலில் மூன்று அடி, 14 சதவீதம். தேறத் தேற வாளைக் கீழே போடுகிற வீரன்! மந்திரவாதியான விசார்ட் ஃபயர்பால் என்ற நெருப்புக் குண்டை வீசினாலோ தப்பிக்க டைஸ் உருட்டுவது எதிரிதான். விசார்டுக்கு ஒரு பயமும் இல்லை. அடம்பிடிப்பவர் என்ன கேரக்டர் ஆடுகிறார் என்று பாருங்கள்.

ஐந்து ராஜ்ஜியம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பாலை தனி நிலமே இல்லையே! முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. ரெடிமேட் ஹவுஸ் ரூல் அது. வரைபடத்தில் பாலைக்கு எல்லை போடாதீர்கள். மழை பொய்த்தால், போன மாதம் மாடு மேய்ந்த காடு இந்த மாதம் பாலை. அங்கே ஒரே விதி: தண்ணீர் கைவசம் இல்லாமல் லாங் ரெஸ்ட் எடுத்தால் ஹிட் பாயிண்ட், அதாவது அடிபட்டு இழந்த உயிர்ப்புள்ளி, திரும்பாது. மூல விதியில் எட்டு மணி நேர ஓய்வில் அத்தனையும் திரும்பிவிடும் என்பதால் இந்த இழப்பு உறைக்கும். எதைப் பார்த்தாலும் வாள் உருவுகிறவர்கள் கிணறு எங்கே என்று விசாரிக்க ஆரம்பிப்பார்கள். வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர்களும் அந்தக் கிணற்றடியில்தானே இருப்பார்கள்?

கதையை ஆநிரை கவர்தலில் தொடங்குங்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாடு போய்விட்டது, மீட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள யாரும் எதையும் படித்திருக்கத் தேவையில்லை. மீட்கப் போன கேரக்டர் செத்தால் நடுகல் நட்டுவிடுங்கள். அதை வணங்கிவிட்டுப் புறப்படும் புதுக் கேரக்டருக்கு ஒரே ஒரு முறை அட்வான்டேஜ். இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை வைத்துக்கொள்ளலாம். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் பல்லவர் கால நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு கோவிவன் என்ற நாயையும் செதுக்கி, அது இரண்டு கள்ளரைக் கடித்ததாகக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் நாயோடு காட்டில் திரியும் ரேஞ்சர் கேரக்டர் இருந்தால் அவருடைய நாய்க்கும் கல் உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள், நாயைச் சும்மா முன்னால் அனுப்ப மாட்டார்.

இந்த இரண்டு விதியையும் அடுத்த ஞாயிறு வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆடுங்கள். மூன்றாவது விதி வேண்டுமென்றால் ஆட்டத்தில் எங்காவது இடிக்கும்போது எழுதிக்கொள்ளலாம், ஆனால் சண்டை நடுவில் மட்டும் வேண்டாம். வம்சாவளி இருக்கட்டும். இறந்த மன்னனின் ஆவி எதுவாவது குறுக்கே வந்தால் பெயர் தேவைப்படும்.