மே மாதம் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு பல ஆண்டுகள் குளத்துக்கும் காட்டுக்கும் அலைந்திருக்கிறேன். ஊரில் சுற்றுச்சூழல் பணி தொடங்க நினைக்கும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

காங்கேயம், பிளஸ் ஒன் மாணவி: ஐயா, எங்கள் குழுவில் 12 பேர். ஆகஸ்ட் 15 அன்று ஊர்ப் பொது இடத்தில் 500 மரக்கன்றுகள் நட நினைக்கிறோம். திட்டத்தை எப்படி எழுதுவது?

அம்மணி, முதலில் 500-ஐ 40 ஆக்கு. ஒரு கன்றுக்கு ஒரு வேளைக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் 500 கன்றுக்கு 5,000 லிட்டர் வேண்டும். அதுவும் வாரம் இரண்டு முறை. அதற்குத் தண்ணீர் லாரிதான் வர வேண்டும். 40 கன்று என்றால் 400 லிட்டர். ஆளுக்கு மூன்று குடத்தில் முடிந்துவிடும்.

தேதியும் எனக்குப் பிடிக்கவில்லை. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுவதால் ஆகஸ்டில் உங்கள் ஊரில் பெரும்பாலும் காற்றுதான் அடிக்கும். நமக்கு நம்பிக்கையான மழை ஐப்பசியில். சுதந்திர தினத்தன்று குழி வெட்டுங்கள். படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் மண்வெட்டியோடு எடுத்துக்கொள்ளட்டும். கன்று அக்டோபரில் குழிக்குள் போகட்டும்.

என்ன மரம் என்று புத்தகத்தில் தேடாதே, பக்கத்துக் கொறங்காட்டுக்குப் போய்ப் பார். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. அந்த மண்ணில் எது நிற்கும் என்பதை உன் பாட்டனார்கள் ஏற்கெனவே சோதித்து வைத்திருக்கிறார்கள். வெள்வேலும் வேம்பும் போதும். கிளுவைப் போத்தை வெட்டி நட்டாலே துளிர்க்கும். ஆட்டுக்கு அதைவிட நல்ல வேலி கிடையாது. இரும்புக் கூண்டுக்கு நன்கொடை கேட்டு அலைய வேண்டாம்.

திட்டத் தாளின் முதல் வரியில் நோக்கம், குறிக்கோள் என்றெல்லாம் எழுதாமல், ஏப்ரல், மே விடுமுறையில் தண்ணீர் ஊற்றப்போகிறவர்களின் பெயரை எழுது. பெயர் கிடைக்கவில்லையென்றால் கன்று வாங்காதே.

திருப்பூர், கல்லூரி மாணவர்: நொய்யலைச் சுத்தம் செய்ய 100 பேர் தயாராக இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

ஆற்றுக்குள் இறங்காமல் தொடங்குங்கள் தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை மூட்டையாக நெகிழி பொறுக்குவீர்கள்; அடுத்த மழைக்கு ஓடைகள் அத்தனையையும் திரும்பக் கொண்டுவந்து போடும். கண்ணாடித் துண்டும் சாக்கடை நீரும் வேறு.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் ஆறு இது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாக மாறிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் இயங்கலாம் என்றது. அந்த வழக்கை விவசாயிகள் பல ஆண்டுகள் நடத்தினார்கள். கோஷத்தைவிட அவர்களுக்கு ஆதாரம்தான் உதவியது.

ஆகவே நீங்களும் அளந்து பாருங்கள். நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐந்து பாலங்களைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் ஒரே கிழமை, ஒரே நேரத்தில், கயிற்றில் வாளி கட்டி நீர் எடுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஒப்புக்கொள்கிறார்கள். உங்கள் எண்களை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கிருமியையோ உலோகத்தையோ இந்தக் கருவி தனித்துக் காட்டாது, அதையும் மறைக்காமல் குறியுங்கள். ஆறு மாத நோட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். இதற்கு 100 பேர் வேண்டாம், பத்துப் பேர் போதும். மற்ற 90 பேரும் ஒரே ஓடையில் குப்பை விழும் இடத்தைத் தெருத்தெருவாகப் போய் அடைக்கட்டும்.

அவிநாசி, பிளஸ் டூ மாணவர்: ஊர்க் குட்டையைத் தூர்வார யாரிடம் அனுமதி கேட்பது?

கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்தக் குட்டை யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேள். நீர்வளத்துறையா, ஊராட்சியா, ஊராட்சி ஒன்றியமா என்பதைப் பொறுத்து மனு போகும் இடம் மாறும். மனுவின் நகலில் முத்திரை வாங்கு. பிறகு கிராம சபையில் எழுந்து பேசு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடிதம் கைக்கு வரும் முன் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதே. நல்லது செய்யப்போய் மண் திருட்டுப் பேச்சில் மாட்டிக்கொள்வாய்.

பொள்ளாச்சி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: சத்துணவுக் கழிவில் உரம் போட்டோம். நாற்றம் தாங்காமல் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

சோறும் காயும் மட்டும் போட்டிருப்பாய் கண்ணு. ஈரம் மிகுந்து காற்று புகாமல் போனால் நாறத்தான் செய்யும். ஒரு கூடைக் கழிவுக்கு இரண்டு, மூன்று கூடை காய்ந்த இலை போடு. உங்கள் ஊரில் மலைபோல் கிடக்கும் தென்னை நார்க்கழிவையும் கொஞ்சம் கலக்கலாம். வாரம் ஒருமுறை கிளறு. கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் விழக்கூடாது. மீண்டும் தொடங்கும் முன் ஒரு வாரக் கழிவைத் தராசில் நிறுத்துத் தலைமையாசிரியரிடம் காட்டு.

கோபி, கல்லூரி மாணவி: நெகிழி விழிப்புணர்வுக்குப் பேனர், டி-ஷர்ட் அடிக்கப் பணம் திரட்டுவது எப்படி?

நெகிழி வேண்டாம் என்று பிளெக்ஸ் பேனரில் அச்சடிக்கப் போகிறீர்களா? அந்த பேனரே நெகிழிதான். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சேதி எல்லோருக்கும் தெரியும், கையில் பைதான் இல்லை. பனியன் கம்பெனி வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கிப் பை தைத்து, சந்தையில் ஒரே ஒரு வரிசைக் கடைகளுக்குக் கொடுங்கள். பணம் பிறகு பார்க்கலாம்.

ஈரோடு, ஒரு தாயார்: பிளஸ் டூ படிக்கிற பையன். படிப்பு கெடாதா?

கெடும், அவன் தலைவனாக இருந்தால். பொறுப்பை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் யோசனை சொல்ல வரட்டும்.

காங்கேயம் மாணவி மீண்டும்: ஐயா, நீங்கள் நட்டவை எல்லாம் பிழைத்தனவா?

முதல் முறை 200 நட்டோம். விடுமுறை முடிந்து வந்து எண்ணியபோது 11. அந்த 11-உம் சத்துணவுக் கூடத்தின் பின்னால் இருந்தவை. பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சமையல்கார அம்மா பள்ளி நாளெல்லாம் அங்கே ஊற்றியிருக்கிறார். விடுமுறையில் தன் வீட்டிலிருந்து குடம் சுமந்திருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. விழாவுக்கும் நாங்கள் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை.