கேள்வி பதில்: போட்டு அடியில ஒட்டிக்கிட்டு வர்ற ஆழி

கேள்வி: சார், எங்க போட்டு காசிமேட்டுல ரெண்டு மாசம் கிடந்துட்டு இப்பதான் நாகை வந்துச்சு. கரையேத்திப் பாத்தா அடியில கருப்பு ஆழி, அதான் ரெட்டை ஓட்டு சிப்பி, கொத்துக்கொத்தா ஒட்டிருக்கு. எண்ணூர்ல காக்கா ஆழின்னு சொல்றாங்களே, அதானா? கடுவையாத்துல பரவிடுமா?
- அக்கரைப்பேட்டை வாசகர்

பதில்: கருப்பா இருக்குன்னு மட்டும் வச்சு சொல்லிட முடியாது தம்பி, நம்ம கடல் ஆழியிலயும் கருப்பு, பழுப்பு உண்டு. ஒண்ணை கத்தியால நெம்புங்க, பழுப்பு நாரு பிடிச்சுக்கிட்டு வந்தா ஆழி, போட்டு அடியில சொரசொரன்னு ஒட்டுற கொட்டலசுக்கு (பார்னக்கிள்) நாரு கிடையாது. ஓட்டு ஓரத்துல பச்சை இருந்தா அது நம்ம பச்சை ஆழி. ஓடு மெல்லிசா, உள்பக்கம் ஊதாவா இருந்தா சந்தேகப்படணும், பத்து பதினஞ்சை ஐஸ்ல போட்டு நாகையிலயே இருக்குற மீன்வள பல்கலைக்கழகத்துல காட்டிருங்க.

காக்கா ஆழி அமெரிக்க கண்டத்துக் கடலோரத்துது. பாறை, மரம், போட்டுன்னு நிக்காம ஆத்துச் சேத்து மேலயே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பாய் விரிச்ச மாதிரி மூடிடும், இறால் பதுங்க சேறு இருக்காது, அடியில கிடக்குற மட்டி மூச்சு முட்டி சாகும், எண்ணூர்ல கையால தடவி இறால் பிடிக்கிறவங்க பொழப்பு இதுல அடிபட்டுச்சு. உப்பு கூடுனாலும் குறைஞ்சாலும் தாங்கிக்கும், அதனாலதான் நம்ம முகத்துவாரம், முத்துப்பேட்டை அலையாத்தி காடெல்லாம் நினைச்சா எனக்கு பயம்.

எல்லாரும் கப்பல்காரனைத்தான் திட்டுறாங்க, சரக்கு இல்லாதப்ப பேலன்ஸுக்கு ஏத்துற கடல்தண்ணிய வேற ஊர்ல கொட்டுறான்னு. உண்மைதான், அதுக்கு 2017 செப்டம்பர்ல இருந்து சர்வதேச ஒப்பந்தமே அமல்ல இருக்கு. ஆனா அது உள்ள இருக்குற தண்ணிக்குத்தான், அடியில ஒட்டிக்கிட்டு வர்றதுக்கு இல்ல. பெரிய கப்பல் ஒரு துறைமுகத்துல கொண்டாந்து விட்டத அங்கேருந்து பக்கத்து ஆத்துக்கெல்லாம் கொண்டுபோறது நம்ம போட்டுதான், கசப்பா இருந்தாலும் சொல்லணும். அதனால தண்ணியில வச்சு சொரண்டாதீங்க, விழுந்தது அங்கேயே பொழைச்சுக்கும். கரையில சொரண்டி, அள்ளி, வெயில்ல நல்லா காயவிட்டு புதைங்க. வலை, கயிறையும் காயப்போடுங்க.

கேள்வி: மழையில பக்கத்து பண்ணை கரை உடைஞ்சு வனாமி இறால் வாய்க்கால்ல போயிடுச்சு. நாட்டு இறாலை அழிச்சிடுமா?
- வேதாரண்யம் வாசகி

பதில்: ஒரு தடவை உடைஞ்சதுக்கே அழிஞ்சிடாதும்மா. வனாமி பசிபிக் கரையோரம், மெக்சிகோவுல இருந்து பெரு வரைக்கும் இருக்குறது, இங்க பண்ணையில வளக்க 2009ல அனுமதி குடுத்தாங்க. குஞ்சு எடுக்க வெளிநாட்டுலேருந்து வர்ற தாய் இறாலை சென்னை நீலாங்கரையில தனியா வச்சு, நோய் இருக்கான்னு டெஸ்ட் பண்ணித்தான் உள்ள விடுறாங்க. தப்பிச்ச இறாலை விட நோய் வந்த குளத்துத் தண்ணிய ராத்திரியோட ராத்திரியா வாய்க்கால்ல திறந்து விடுறானே, அவன்தான் ஆபத்து. வெள்ளைப்புள்ளி நோய்க்கு வனாமிய திட்டாதீங்க, அது டைகர் இறால் காலத்துல, 90கள்லயே வந்துடுச்சு. உங்க வாய்க்கால்ல இறால் செத்து மிதந்தா மட்டும் மீன்வளத்துறைக்கு உடனே சொல்லுங்க.

கேள்வி: ஜிலேபி கெண்டையும் வெளிநாடாமே?
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: ஆமா, ஆப்பிரிக்கா, 1952ல கொண்டாந்தது. குளத்துலயும் இருக்கும், உப்புத்தண்ணி கழியிலயும் குஞ்சை வாயில வச்சு வளத்துக்கிட்டு ஜாலியா இருக்கும். இனிமே அதைத் துரத்த முடியாது சார், குழம்பு வைங்க.