'மதில்மேல் பூனை' திட்டா?

கோத்தகிரி நண்பருக்கு வணக்கம். உங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழுவின் கூட்டக் குறிப்பில் ஓர் உறுப்பினரை 'மதில்மேல் பூனை' என்று எழுதியதற்கு, "என்னைத் துரோகி என்கிறாயா?" என்று அவர் சண்டைக்கு வந்ததாகச் சொல்கிறீர்கள்.

துரோகி என்ற பொருள் அதில் இல்லை. பூனை இன்னும் குதிக்கவில்லை, எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆளுக்கு மட்டுமல்ல, விஷயத்துக்கும் சொல்வோம். குன்னூரில் என் மாற்றல் உத்தரவு மூன்று மாதம் மதில்மேல் பூனையாகத்தான் கிடந்தது.

துரோகத்துக்கு இரண்டகம் என்ற தனிச்சொல்லே இருக்கிறது. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்பார்களே, அது. பச்சோந்தி என்றால் ஆதாயத்துக்காக நிறம் மாறுகிறவர். அதை எழுதியிருந்தால் அவர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. கட்சித் தாவல் என்றால் குதித்தே முடிந்துவிட்டது. 1985-இல் சட்டம் போட்டுத் தடுக்கப் பார்த்தது அதைத்தான்.

ஆனால் ஒன்று. அவர் திங்கட்கிழமை கொழுந்தைக் கூட்டுறவு ஃபேக்டரிக்கும், செவ்வாய்க்கிழமை கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத் தரும் ஏஜெண்டுக்கும் போடுகிறார் என்கிறீர்கள். அப்படியானால் பூனை உவமையே பொருந்தாது. அவர் தயங்கவில்லை, இரண்டு பக்கமும் நிற்கிறார். 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்பதுதான் சரி. பேச்சில் சொல்லலாம். கூட்டக் குறிப்பில் பழமொழியே வேண்டாம். 'இரு இடங்களுக்கும் கொழுந்து வழங்குகிறார்' என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் திருத்தமாகப் பதிந்துவிடுங்கள்.