ஆசிரிய மாணவர்களும் கதைப்புத்தகங்களும்: நூலகரிடம் கேட்டவை

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் கல்வியியற் கல்லூரி மாணவர்கள், பாடசாலைகளில் கட்டுறுப் பயிற்சியில் இருப்பவர்கள், ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் எனப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தப் பகுதியில் நூலகராக வேலை செய்பவள் நான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மிஸ், நான் தாழங்குடாவில் ஆரம்பக் கல்வி படிக்கிறேன். கற்பித்தற் பயிற்சிக்குப் போகமுன் நூலகத்தில் எதை எடுத்துப் படிப்பது? கல்வி உளவியல் புத்தகங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

மகள், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லமாட்டேன். ஆனால் இனிமேல் எடுப்பது சிறுவர் கதைப்புத்தகங்களாக இருக்கட்டும். வாரத்துக்கு நாலைந்து எடுத்தாலே பயிற்சி தொடங்குமுன் ஒரு நல்ல தொகை சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: கதை என்ன, ஒரு பக்கத்தில் எத்தனை வரி, எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வாசிப்பைப் பற்றி அழகாகக் கட்டுரை எழுதும் ஆசிரிய மாணவர்களிடம், “இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று யானைக் கதை கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்?” என்று கேட்டால் பலர் முழிக்கிறார்கள். பிள்ளைக்குப் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியவர் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும். வேறு எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது. உங்கள் கல்லூரி நூலகத்தில் சிறுவர் நூல்கள் குறைவென்றால் நூலகரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், எழுத்திலும் கொடுங்கள். யாரும் கேட்காத புத்தகத்தை எந்த நூலகரும் கொள்வனவுப் பட்டியலில் போடமாட்டார்.

செயல்நிலை ஆய்வுக்கு (வகுப்பில் உள்ள ஒரு சிக்கலுக்குத் தீர்வு செய்து பார்க்கும் ஆய்வு) வாசிப்பைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். இறாக்கையில் எங்கே தேடுவது? (அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு தம்பி)

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பு உள்ள நூலகம் என்றால் 372.4க்கு நேரே போங்கள், ஆரம்ப வகுப்பு வாசிப்பு அங்கேதான். மொழித்திறன்கள் 372.6, கல்வி உளவியல் 370.15, விசேட தேவையுடைய பிள்ளைகளின் கல்வி 371.9. பலர் தவறவிடும் இடம் 028.5. சிறுவர் வாசிப்புப் பற்றிய நூல்கள் கல்வியியல் இறாக்கையில் இல்லாமல் முன்பக்கத்தில் நூலகவியலோடு நிற்கும். பாடசாலை நூலகம் 027.8. வகுப்பில் சொல்லக் கதை வேண்டுமென்றால் 398.2இல் நாட்டார் கதைகள், கொஞ்சம் தள்ளி 398.6இல் விடுகதைகள்.

அப்புறம், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் அவற்றின் இணையத்தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இருக்கிறது. பழைய கல்வி இதழ்கள், ஊர் வரலாறுகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே உண்டு. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு ஊர்த் தகவல் தேடுபவர்களும் அங்கே பார்க்கலாம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்கிறேன். நூலகம் இல்லை, பொது நூலகம் தூரம். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் தவிர எதுவும் இல்லை. என்ன செய்யலாம் அக்கா?

தங்கச்சி, நிறையச் செய்யலாம்.

முதலில் பிரதேச சபை நூலகத்துக்குப் போய் அங்கத்துவம் எடுங்கள். படிவத்தில் பிணையாளர் கையெழுத்துக் கேட்பது வழக்கம். நீங்கள் அந்த ஊர் இல்லை என்றால் அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். வகுப்புக்கென்று மொத்தமாக இரவல் தர முடியுமா என்றும் கேட்டுப்பாருங்கள். கேட்டால் தருகிற இடங்கள் உண்டு.

இரண்டாவது, ஸ்டோரிவீவர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். தமிழில் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு வாசிப்பு மட்டங்களாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். முதலாம் மட்டத்தில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். திறந்த உரிமம் என்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு மூலத்தையும் குறிப்பிட்டுவிட்டு அச்சடிக்கலாம், மாற்றியும் எழுதலாம். டேட்டா இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவைப்படாது. கலர் அச்சுக்குச் செலவாகும். கறுப்பு வெள்ளையில் எடுத்து பிரிஸ்டல் போட்டில் ஒட்டி, பிள்ளைகளையே வர்ணம் தீட்ட விடுங்கள். தான் வர்ணம் தீட்டிய புத்தகத்தை ஒரு பிள்ளை எத்தனை தரம் எடுத்துப் பார்க்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பிள்ளைகளைச் சொல்ல வைத்து நீங்கள் எழுதுவது. படுவான்கரைப் பிள்ளையிடம் கதைக்குப் பஞ்சமா? வயல் காவலுக்குப் போன அப்பா, வேலியை முறித்துக்கொண்டு வந்த யானை, கண்ணகி அம்மன் சடங்கு முடியும் குளுத்தி நாள், தோணியில் ஆற்றைக் கடந்தது. ஒருவர் சொல்லட்டும், மற்றவர்கள் சேர்த்துச் சொல்லட்டும். நீங்கள் டிமை தாளில் பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு வரி, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். “யானை வந்திச்சி. அப்பா வெடி கொளுத்தினார்.” சரி, எழுத்துத் தமிழ் இல்லைதான். முதற் புத்தகத்தில் அதைத் திருத்த வேண்டாம். தன் வாயில் வந்த வசனம் என்பதால் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளைகூட அதை வாசித்துவிடும். அந்தத் துணிவுதான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும். இரண்டாவது, மூன்றாவது புத்தகத்தில் எழுத்து நடையைக் கொண்டுவரலாம். தாள்களை மடித்து நடுவில் நூலால் தைத்து, அட்டையில் எல்லோர் பெயரையும் எழுதி வாசிப்பு மூலையில் தொங்கவிடுங்கள். ஒரு தவணைக்குள் வகுப்புக்கென்று சொந்தமாக ஒரு சிறு நூலகம் வந்துவிடும்.

எங்கள் பாடசாலையில் புத்தகம் இருக்கிறது. ஆனால் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார் அதிபர்.

அதிபரைக் குறை சொல்வதற்கில்லை. பொருட்கணக்கெடுப்பில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தப் பயத்துக்கு வழி செய்துவிட்டுத்தான் சாவியைக் கேட்க வேண்டும்.

ஒரு முப்பது புத்தகத்தை மட்டும் கேளுங்கள். பதிவேட்டு இலக்கத்தோடு பட்டியல் எழுதி, நீங்கள் பொறுப்பேற்றதாகக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள். வகுப்பில் இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பாக்கி, வெள்ளிதோறும் எண்ண விடுங்கள். மாத முடிவில் பட்டியலைச் சரிபார்த்து அதிபரிடம் காட்டினால் அடுத்த முப்பதைக் கேட்கத் துணிவு வரும். வாசித்து வாசித்துக் கிழிந்தவற்றை ஒளிக்காமல் தனியாக எடுத்து வைத்து, ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பில் நீக்கும்படி முன்வையுங்கள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பூட்டிய அலுமாரியில் கிடக்கும் புத்தகத்தைக் கறையான் தின்னும், பிள்ளை வளர்ந்து பாடசாலையை விட்டே போய்விடும். இதை அதிபரிடம் பணிவாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு வாசிக்க வராது. யாருக்கு எந்தப் புத்தகம் பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே உருவாக்கிய ஒரு முறை இருக்கிறது. ஒரு பந்தியைப் பிள்ளை உரத்து வாசிக்கும், நீங்கள் உங்கள் பிரதியில் சொல்லுக்குச் சொல் அடையாளம் இடுவீர்கள். சரியாக வாசித்த சொல்லுக்குச் சரி அடையாளம். பிழையாக வாசித்தது, விட்டுப்போனது, நீங்கள் சொல்லிக்கொடுத்தது மூன்றும் பிழை. தானே நின்று திருத்தினால் பிழையில்லை. நூற்றுக்கு 95 அல்லது அதற்கு மேல் சரியென்றால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியே வாசிக்கும். 90 முதல் 94 வரை என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் சின்னப் பிள்ளைக்கு ஐம்பது சொல் போதும். ஐம்பதில் நாலு பிழையென்றால் 92.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று வாசிப்பது நம் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு. பொருள் விளங்கி வாசிக்கிறதா என்பதைப் பாருங்கள், அதைப் பிழையில் சேர்க்காதீர்கள். மற்றது, எந்த எழுத்தில் தடக்குகிறது என்று குறித்து வையுங்கள். பல பிள்ளைகள் கா, கி வரை வந்துவிட்டு, இரண்டு பக்கமும் குறி வரும் கொ, கோ எழுத்துகளில் நிற்பார்கள். அப்படியென்றால் 247 எழுத்தையும் திரும்பத் தொடங்கத் தேவையில்லை, அந்த இடத்தை மட்டும் பிடித்தால் போதும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு, மற்றவர்கள் பார்க்க, பாலர் பாடசாலைப் புத்தகத்தை நீட்டவேண்டாம். வெட்கப்பட்டு வாசிப்பையே விட்டுவிடும். உழவு இயந்திரம், மீன், பாம்பு என்று படம் பெரிதாகவும் வரி குறைவாகவும் உள்ள தகவல் புத்தகங்களைத் தேடுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளின் வீடு, பெருநாள், பெயர்கள் வரும் கதைகள் குறைவாகவே கிடைக்கின்றன.

உண்மை. நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். தன் பெயரைப் புத்தகத்தில் பார்க்காத பிள்ளை, புத்தகம் வேறு யாருக்கோ உரியது என்று நினைத்துவிடும். ‘நூலகம்’ தளத்தில் நம் பகுதி எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களைத் தேடுங்கள். வகுப்பில் செய்யும் புத்தகங்களில் நோன்புக் கஞ்சியும் பெருநாள் உடுப்பும் வரட்டும். அதோடு, உங்கள் வகுப்புப் புத்தகங்களை ஒரு தமிழ்ப் பாடசாலையோடு மாற்றி வாசியுங்கள். குளுத்தியும் பெருநாளும் இரண்டு பக்கப் பிள்ளைகளுக்கும் தெரியவேண்டும்.

கதை வாசித்த பிறகு பிள்ளைகளிடம் என்ன கேட்பது?

“இந்தக் கதையின் படிப்பினை என்ன?” என்று மட்டும் கேட்காதீர்கள், தயவுசெய்து. பிள்ளை கதையை விட்டுவிட்டு உங்களுக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடும். வாசிக்கும்போதே நடுவில் நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?”, “ஏன் ஒளிந்துகொண்டது?”, “நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?” என்று கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் பொறுத்திருங்கள். சில கதைக்குக் கேள்வியே வேண்டாம். “திரும்ப வாசியுங்கோ மிஸ்” என்று கேட்டால் திரும்ப வாசியுங்கள்.

புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கதைப்புத்தகம் கொடுத்தால் நேரம் வீண் என்கிறார்கள் பெற்றோர்.

வினாவை வாசித்து விளங்காத பிள்ளை எத்தனை மாதிரி வினாத்தாள் செய்தும் பயனில்லை. பெற்றோரிடம் இதைச் சொல்லி, இரவு படுக்கமுன் கால் மணி நேரம் மட்டும் கேளுங்கள். அதைத் தர மறுப்பவர்கள் குறைவு.

ஒரு கதைப்புத்தகத்தை முழுவதும் போட்டோ கொப்பி எடுக்கலாமா?

வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கற்பித்தலுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, ஆனால் விற்பனையிலுள்ள நூலை முழுதாகப் பிரதி எடுப்பது அதில் அடங்காது. ஓரிரு பக்கம் வகுப்புக்கு எடுப்பது வேறு. முழுப் புத்தகம் வேண்டுமென்றால் திறந்த உரிமம் உள்ளவற்றை அச்சடியுங்கள்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்குப் பேச்சுப் போட்டி தவிர வேறு என்ன செய்யலாம்?

வாசிக்கலாம். தினமும் காலையில் பத்து நிமிடம், அதிபர் உட்பட எல்லோரும் விரும்பிய புத்தகத்தோடு இருக்கட்டும். பேச்சுப் போட்டியில் பங்கெடுப்பது நாலு பிள்ளை, இதில் முழுப் பாடசாலையும்.

மாரியில் புத்தகங்கள் நனைந்தும் பூஞ்சணம் பிடித்தும் போகின்றன. கிழிந்தவற்றை ஸ்கொட்ச் டேப்பால் ஒட்டலாமா?

டேப் வேண்டாம். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, பசை கசிந்து பக்கங்களோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளை பைண்டர் கம்மைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கி, மெல்லிய வெள்ளைத் தாள் கீற்றால் கிழிசலை ஒட்டுங்கள். மேலும் கீழும் எண்ணெய்த்தாள் வைத்து இரவு முழுக்கப் பாரம் ஏற்றி வையுங்கள்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், நெளிந்துவிடும். பக்கங்களுக்கிடையே பத்திரிகைத் தாள் வைத்து, அடிக்கடி மாற்றி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பளபளப்பான தாளில் அச்சான படக்கதைகளுக்கு அவசரம் அதிகம். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்துவிட வேண்டும், காய்ந்தால் ஒட்டியது ஒட்டியதுதான். இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழை தொடங்குமுன் கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றிவிடுங்கள். பூச்சி உருண்டை பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கூடாது. காய்ந்த வேப்பிலை வைக்கலாம், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அலுமாரிக் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள்.